வகுப்பறையில் ராக்கெட் விடுவது எப்படி, விட்டபிறகு என்ன கேட்பது

முதல் முறை ராக்கெட் பாடம் எடுத்தபோது எல்லாவற்றையும் நானே தயார் செய்துகொண்டு போனேன். இறக்கைகளை ஒரே அளவில் வெட்டி, மூக்கைக் கூராக மடித்து ஒட்டி, பிள்ளைகள் வந்து ஊதினால் மட்டும் போதும் என்கிற நிலையில் ஒரு பெட்டி நிறையக் காகித ராக்கெட்டுகள். எல்லாமே பறந்தன. கைதட்டல், கூச்சல், பக்கத்து வகுப்பு ஆசிரியர் வந்து எட்டிப் பார்க்கும் அளவுக்குக் கொண்டாட்டம். மறுநாள் "நேற்று விட்ட ராக்கெட் ஏன் குட்டிக்கரணம் போடாமல் நேராகப் போனது?" என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. எப்படித் தெரியும்? குட்டிக்கரணம் போடும் ராக்கெட்டை அவர்கள் பார்க்கவே இல்லையே.

அன்றோடு பாடத்தைத் திருப்பிப் போட்டுவிட்டேன். முதலில் சொதப்பட்டும், அப்புறம் அவர்களே சரிசெய்யட்டும். கீழே இருப்பது அந்த வரிசைதான். 10 வயது முதல் 15 வயது வரை உள்ள பிள்ளைகளுக்குச் சரியாக வரும். ஐந்தாறு வகுப்புகள் பிடிக்கும், ஒரே நாளில் திணிக்கப் பார்க்காதீர்கள்.

நாற்காலியில் தொடங்குங்கள்

பலூனைக் கையில் எடுப்பதற்கு முன்பே பலகையில் ஒரு கேள்வி எழுதுங்கள்: ராக்கெட் எதைத் தள்ளிக்கொண்டு மேலே போகிறது? தரையையா, காற்றையா, தன் புகையையா? கை தூக்கச் சொல்லி எண்ணிக்கையைப் பக்கத்தில் எழுதுங்கள். பெரும்பாலும் காற்றுக்குத்தான் ஓட்டு அதிகம் விழும். திருத்த வேண்டாம், அழிக்கவும் வேண்டாம், அப்படியே இருக்கட்டும்.

இப்போது சக்கரம் வைத்த நாற்காலி ஒன்றும் கனமான பந்து ஒன்றும் வேண்டும். வழவழப்பான தரையில் ஒரு மாணவர் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்து பந்தை முன்பக்கம் பலமாக எறியட்டும், நாற்காலி பின்னால் நகரும். பந்து 3 கிலோவாவது இருந்தால்தான் கண்ணுக்குத் தெரியும்படி நகரும், லேசான பந்தென்றால் சக்கரத்தின் உராய்வே ஜெயித்துவிடும். நாற்காலி கவிழாமல் பிடிக்கப் பின்னால் ஒருவரைத் தள்ளி நிறுத்துங்கள். அடுத்து செய்வதுதான் முக்கியம்: பந்தே இல்லாமல், அதே வேகத்தில் கையை மட்டும் வீசச் சொல்லுங்கள். நாற்காலி லேசாக ஆடிவிட்டு ஏறக்குறைய இருந்த இடத்திலேயே நிற்கும். காற்றைத் தள்ளித்தான் நகர்ந்தது என்றால் வெறுங்கையை வீசியபோதும் நகர்ந்திருக்க வேண்டுமே? இதை நீங்கள் கேட்பதற்குள் வகுப்பிலிருந்து யாராவது கேட்டுவிட்டால் அன்றைய பாடம் முடிந்தது, மணி அடிக்காவிட்டாலும் முடிந்தது.

நியூட்டன் 1687-இல் வெளியிட்ட மூன்றாம் விதியை இப்போது சொன்னால் போதும். எறிபவர் பந்தைத் தள்ளுகிறார், பந்து அவரைத் தள்ளுகிறது. ராக்கெட் தன் வாயுவைப் பின்னால் தள்ளுகிறது, வாயு ராக்கெட்டை முன்னால் தள்ளுகிறது. நடுவில் வெளிக்காற்றுக்கு வேலையே இல்லை.

காற்றுக்கு ஓட்டுப் போட்டவர்களைக் கிண்டல் செய்ய விடாதீர்கள். 1920 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழே அமெரிக்க ராக்கெட் ஆய்வாளர் ராபர்ட் காடார்டைப் பற்றித் தலையங்கம் எழுதி, தள்ளுவதற்கு எதுவும் இல்லாத வெற்றிடத்தில் ராக்கெட் எப்படிப் போகும், இவருக்குப் பள்ளிக்கூட அறிவியல்கூடத் தெரியவில்லையே என்று நக்கல் அடித்தது. அப்போலோ 11 நிலவுக்குக் கிளம்பிய மறுநாள், 1969 ஜூலை 17 அன்று, அதே நாளிதழ் தவறை ஒப்புக்கொண்டு திருத்தம் போட்டது. 49 வருடம் கழித்து! இந்தக் கதைக்குப் பிறகு தப்பான பதில் சொல்லப் பிள்ளைகளுக்குப் பயம் குறைந்துவிடுவதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

பலூன் ஓடும் பாதை

இது எல்லாருக்கும் தெரிந்த விளையாட்டுதான். 5 மீட்டர் நூலை இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே இறுக்கிக் கட்டி, கட்டும் முன்பே அதில் ஒரு ஸ்ட்ரா துண்டைக் கோர்த்துவிட்டு (இதை மறந்துவிட்டு முடிச்சை அவிழ்ப்பவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் உண்டு), ஊதிய பலூனை ஸ்ட்ராவில் டேப்பால் ஒட்டி, வாயை விட்டால் சர்ரென்று ஓடும். பஞ்சு நூல் வேண்டாம், சொரசொரப்பு வேகத்தைத் தின்றுவிடும். நைலான் நூல் நல்லது. உருண்டை பலூனைவிட நீள பலூன் ஒழுங்காக ஓடும்.

நூலில் கட்டுவதற்கு முன்னால் ஒரு பலூனை ஊதிச் சும்மா விட்டுப் பாருங்கள். கன்னாபின்னா என்று சுவரில் முட்டி, யாரோ ஒருவர் தலையில் விழும். சிரித்து முடிக்கட்டும். "தள்ளுவிசை இருக்கிறது, அப்புறம் ஏன் ஒழுங்காகப் போகவில்லை?" என்று மட்டும் கேட்டு, பதில் சொல்லாமல் நகர்ந்துவிடுங்கள். அடுத்த வகுப்புக்கான விதை அது.

அளக்கவும் இங்கேயே பழக்கிவிடலாம். பலூனின் சுற்றளவை நூலால் அளந்து, ஒவ்வொரு முறையும் அதே அளவுக்கு ஊதி, ஸ்ட்ராவில் ஒன்று, இரண்டு, மூன்று என்று பேப்பர் கிளிப்புகளைத் தொங்கவிட்டு, எவ்வளவு தூரம் போகிறது என்று குறிக்கட்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்கிற விதியைச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். பலூனையும் பெரிதாக்கி கிளிப்பையும் கூட்டிவிட்டு "சார், ரெண்டும் ஒண்ணுதான்" என்று வந்து நிற்பார்கள். திட்டாதீர்கள், எதனால் அப்படி வந்தது என்று கேளுங்கள், அவர்களே திரும்பிப் போவார்கள்.

காகித ராக்கெட், தலைகீழ் இறக்கை

ஒரு சின்ன நேர்மை தேவைப்படும் இடம் இது. ஸ்ட்ராவில் ஊதிப் பறக்கவிடும் காகித ராக்கெட் உண்மையில் ராக்கெட்டே இல்லை. அது எதையும் சுமந்து போய் வழியில் பின்னால் தள்ளுவதில்லை, உங்கள் மூச்சு தள்ளிவிட்டது, அவ்வளவுதான். காலால் மிதித்துப் பறக்கவிடும் ராக்கெட்டும் இதே கதைதான். பலூன்தான் அசல் ராக்கெட். இதைப் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பிறகு எதற்கு இது? நேராகப் பறப்பது எப்படி என்று கற்க இதைவிட மலிவான, வேகமான வழி எனக்குத் தெரியவில்லை.

செய்முறை: சுமார் 4 சென்டிமீட்டர் அகலமும் ஒரு சாண் நீளமும் உள்ள காகிதத்தை ஒரு பென்சிலின் மேல் நீளவாக்கில் சுருட்டி டேப் போடுங்கள். பென்சில் உருவிக்கொண்டு வர வேண்டும். பென்சிலோடு சேர்த்து ஒட்டிவிட்டு இழுத்துக்கொண்டிருப்பவர்களுக்கு இன்னொரு காகிதம் கொடுங்கள். ஒரு முனையை மடித்து ஒட்டினால் மூக்கு தயார். அங்கே காற்று கசிந்தால் ஒரு மீட்டர்கூடப் போகாது, ஊதிப் பார்த்து உறுதி செய்யட்டும். பிறகு பென்சிலைவிடக் கொஞ்சம் ஒல்லியான ஸ்ட்ராவை உள்ளே விட்டு ஒரே மூச்சில் ஊத வேண்டும். யாருடைய முகத்துக்கும் நேராக ஊதக் கூடாது, எல்லாரும் ஒரே பக்கம் பார்த்து, ஒரே நேரத்தில்.

இப்போது மூன்று சுற்று. முதல் சுற்றில் இறக்கையே இல்லை. காற்றில் புரண்டு புரண்டு விழும். இரண்டாம் சுற்றில் இறக்கைகளை மூக்குப் பக்கம் ஒட்டச் சொல்லுங்கள். "தப்பாச்சே!" என்பார்கள். பரவாயில்லை, ஒட்டுங்கள் என்று சொல்லுங்கள். கிளம்பியதும் அது அப்படியே திரும்பி வால் முன்னால் வரப் பார்க்கும். மூன்றாம் சுற்றில் இறக்கைகளை வால் பக்கம் மாற்றி, மூக்கில் பட்டாணி அளவு களிமண் வைத்தால் நேராகப் பாயும். மூன்று சுற்றுக்கும் ஒரே காகிதக் குழல்தான், மாறியது இறக்கையும் களிமண்ணும் மட்டுமே என்று அவர்கள் கையிலேயே தெரிகிறது பாருங்கள், அதைப் பாடப்புத்தகப் படத்தால் கொடுக்க முடியாது.

விளக்கம் இப்படிச் சொல்லலாம். ராக்கெட்டை விரல்மேல் வைத்தால் எந்த இடத்தில் சாயாமல் நிற்கிறதோ அது ஈர்ப்பு மையம். பறக்கும்போது அது அந்தப் புள்ளியைச் சுற்றித்தான் திரும்பும். பக்கவாட்டில் வரும் காற்று மொத்தமாக எந்தப் புள்ளியில் தள்ளுகிறதோ அது அழுத்த மையம். அழுத்த மையம் ஈர்ப்பு மையத்துக்குப் பின்னால் இருந்தால் காற்று வாலைத் தள்ளி மூக்கை நேராக்கிவிடும், காற்றுதிசைகாட்டி காற்று வரும் பக்கம் திரும்புவது போல. முன்னால் இருந்தால் காற்றே கவிழ்த்துவிடும். அழுத்த மையத்தைத் தோராயமாகக் கண்டுபிடிக்க, ராக்கெட்டின் பக்கவாட்டு வடிவத்தை அட்டையில் வரைந்து வெட்டி, அந்த அட்டை எங்கே சமநிலையில் நிற்கிறது என்று பார்த்தால் போதும். இரண்டு புள்ளிகளுக்கும் நடுவே ராக்கெட்டின் ஒரு விட்டம் அளவாவது இடைவெளி இருந்தால் கவலையில்லை.

யாராவது ஒருவர் "என்ஜினை மேலே வைத்து, பாரத்தைக் கீழே தொங்கவிட்டால் ஊசல் மாதிரி நேராகத் தொங்குமே?" என்று கேட்பார். கேட்காவிட்டால் நீங்களே கிளப்புங்கள். காடார்டும் அப்படித்தான் செய்தார். 1926 மார்ச் 16 அன்று அவர் பறக்கவிட்ட உலகின் முதல் திரவ எரிபொருள் ராக்கெட்டில் என்ஜின் மேலே, தொட்டிகள் கீழே. சுமார் 2.5 நொடி பறந்தது, 12.5 மீட்டர் உயரம் போனது, 56 மீட்டர் தள்ளி விழுந்தது. ஊசலுக்கு மேலே அசையாத கொக்கி இருக்கிறது, ராக்கெட்டுக்கு அது கிடையாது. ராக்கெட் சாய்ந்தால் என்ஜினின் தள்ளுவிசையும் கூடவே சாய்ந்துவிடுகிறது, அதனால் என்ஜின் மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும் அது தன்னால் நிமிராது. பின்னாட்களில் அவரே என்ஜினைக் கீழே கொண்டுபோனார்.

மாத்திரை ராக்கெட்டைப் பற்றி இரண்டே வார்த்தை

தண்ணீரில் போட்டால் நுரைக்கும் மாத்திரையை, மூடி உள்பக்கமாக இறுக்கிப் பொருந்தும் சின்ன டப்பாவில் கொஞ்சம் தண்ணீரோடு போட்டு, மூடி, கவிழ்த்து வைத்தால், உள்ளே சேரும் கார்பன் டை ஆக்சைடு ஒரு கட்டத்தில் மூடியைத் தள்ளிவிட டப்பா மேலே எகிறும். பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளாமல் குனிந்து பார்க்க விடாதீர்கள். இதில் எனக்குப் பிடித்தது ஒரே ஒரு சோதனைதான்: கால் மாத்திரை, அரை மாத்திரை, முழு மாத்திரை. முழு மாத்திரை நாலு மடங்கு உயரம் போகும் என்று எல்லாரும் பந்தயம் கட்டுவார்கள். உயரத்தில் அவ்வளவு வித்தியாசம் இருக்காது, காத்திருக்கும் நேரம்தான் குறையும். எவ்வளவு அழுத்தத்தில் திறப்பது என்பதை முடிவு செய்வது மூடியின் இறுக்கம், மாத்திரையின் அளவு இல்லையே.

தண்ணீர் ராக்கெட்

இதற்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள், மைதானமும் வேண்டும். வாயு அடைத்த குளிர்பானம் வந்த பிளாஸ்டிக் பாட்டிலை மட்டும் பயன்படுத்துங்கள். அவை அழுத்தம் தாங்கச் செய்யப்பட்டவை. சாதாரணக் குடிநீர் பாட்டில் மெலிசு, அது வேண்டவே வேண்டாம். கீறலோ மடிப்போ விழுந்த பாட்டிலைத் தூக்கிப் போடுங்கள். இறக்கைகளை டேப்பால் ஒட்டுங்கள், சூடான பசை பாட்டிலை இளக்கி அந்த இடத்தைப் பலவீனமாக்கிவிடும்.

ஏவும் கருவிக்கு எளிய வழி: பாட்டில் வாயில் இறுக்கமாகப் பொருந்தும் ரப்பர் தக்கை, அதன் நடுவே குத்திய பந்துக்குக் காற்றடிக்கும் ஊசி, அதில் இணைத்த நீளக் குழாயோடு ஒரு சைக்கிள் பம்ப். ஊசி தக்கையைத் தாண்டி மறுபக்கம் வந்திருக்கிறதா என்று பாருங்கள். தக்கை நீளமாக இருந்தால் ஊசி முனை உள்ளேயே நின்றுவிடும், நீங்கள் பம்ப் அடித்துக்கொண்டே இருப்பீர்கள், ஒன்றும் நடக்காது. வெட்டிக் குட்டையாக்கிக்கொள்ளுங்கள். அழுத்தம் ஏறியதும் தக்கையைப் பிய்த்துக்கொண்டு பாட்டில் தானாகக் கிளம்பும். எப்போது கிளம்பும் என்று சொல்ல முடியாது, அதனால் பம்ப் அடிப்பவர் உட்பட எல்லாரும் குழாயின் நீளத்துக்குத் தள்ளி, குறைந்தது 5 மீட்டர் தூரத்தில், பாதுகாப்புக் கண்ணாடியோடு. அழுத்தமானி உள்ள பம்ப் நல்லது. 50 பிஎஸ்ஐக்கு மேல் போகாதீர்கள். அதுவரை போயும் கிளம்பவில்லை என்றால் தக்கை அதிகமாக இறுகியிருக்கிறது. குழாயின் பம்ப் முனையைத் தூரத்திலிருந்தே கழற்றிக் காற்றை வெளியேற்றிவிட்டு அப்புறம் கிட்டே போங்கள். காற்று இறங்காத பாட்டில்மேல் யாரும் குனியக் கூடாது. இந்த ஒரு விஷயத்தில் நான் கறார்.

ஒரு முறை நான் பாட்டிலை வாய் கீழாக நிறுத்தும் தாங்கியைச் சரியாக ஊன்றவில்லை. பாட்டில் கிளம்பும் நொடியில் தாங்கி சாய்ந்து, அது தரையோடு தரையாகப் பாய்ந்து என் பையில் மோதி நின்றது. அன்றிலிருந்து தாங்கியின் காலில் ஒரு செங்கல் வைக்காமல் பம்ப்பைத் தொடுவதில்லை.

இன்னொன்று, இறக்கை ஒட்டும்போது பாதிப் பேர் பாட்டிலை நேராக வைத்து அடிப்பக்கத்தில் ஒட்டுவார்கள். இங்கே வாய்தான் கீழே, பாட்டிலின் அடிப்பக்கம்தான் மூக்கு. காகித ராக்கெட்டில் இரண்டாம் சுற்று பார்த்தவர்கள் இதைப் பறக்கவிடும் முன்பே கண்டுபிடித்துவிடுவார்கள். கண்டுபிடிக்காதவர்களுடையது எங்கே போகும் என்று உங்களுக்கே தெரியும். அதனால் முதலில் பாட்டிலின் ஈர்ப்பு மையத்தில் நூலைக் கட்டித் தலைக்கு மேல் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். மூக்கு முன்னால் வந்தால் பறக்கவிடலாம். வால் முன்னால் வந்தாலோ பம்பரமாகச் சுழன்றாலோ மூக்கில் களிமண் சேர்க்க வேண்டும், அல்லது இறக்கையைப் பெரிதாக்க வேண்டும்.

இப்போது அளவீடு. தண்ணீரே இல்லாமல், கால் பாட்டில், அரை பாட்டில், முக்கால் பாட்டில் என்று ஒவ்வொன்றையும் மூன்று முறை விட்டு நடு மதிப்பை எடுக்கட்டும். தக்கையில் பேனாவால் ஒரு கோடு போட்டு, ஒவ்வொரு முறையும் கோடு வரைக்கும்தான் செருக வேண்டும், இல்லாவிட்டால் கிளம்பும் அழுத்தம் மாறி கணக்கெல்லாம் குழம்பிவிடும். வரைபடம் ஒட்டகத் திமில் போல வரும், உச்சி பெரும்பாலும் கால் பாட்டிலுக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் நடுவே. காரணத்தை அவர்களே சொல்லட்டும். தண்ணீர் இல்லையென்றால் பின்னால் எறிய கனமான பொருள் இல்லை (நாற்காலிப் பந்தை ஞாபகப்படுத்துங்கள்), தண்ணீர் அதிகமானால் அதைத் தள்ள காற்றுக்கு இடமில்லை. பெரிய வகுப்பென்றால் தண்ணீர் வெளியேறும் வேகத்தையும் கணக்கிடலாம். வெளிக்காற்றைவிட 3 பார் (சுமார் 44 பிஎஸ்ஐ) கூடுதல் அழுத்தத்தில் நொடிக்கு 24 மீட்டருக்குக் கொஞ்சம் மேல் வரும். விழுந்த பாட்டிலை ஓடிப்போய் எடுப்பவரிடம் உள்ளே என்ன தெரிகிறது என்று கேளுங்கள். வெள்ளையாகப் பனிமூட்டம் இருக்கும். காற்று சட்டென்று விரிந்ததால் குளிர்ந்து, உள்ளே இருந்த நீராவி துளிகளாக மாறியிருக்கிறது.

உயரம் அளக்க இரண்டு வழி. கோணமானியின் நடுப்புள்ளியில் நூல் குண்டு கட்டி, விளிம்பில் ஸ்ட்ரா ஒட்டினால் கோணம் பார்க்கும் கருவி ஆகிவிடும். ஏவுமிடத்திலிருந்து 20 மீட்டர் தள்ளி நின்று, ராக்கெட் உச்சியில் இருக்கும்போது கோணத்தைப் படிக்க வேண்டும். 20-ஐ அந்தக் கோணத்தின் டேன் மதிப்பால் பெருக்கி, பார்ப்பவரின் கண் உயரத்தைச் சேர்த்தால் உயரம் கிடைக்கும். 45 பாகை என்றால் கணக்கே வேண்டாம், 20 மீட்டரும் கண் உயரமும். இரண்டாவது வழி ஸ்டாப்வாட்ச்: கிளம்பியதிலிருந்து விழும்வரை உள்ள நொடியை அதே எண்ணால் பெருக்கி, 1.2-ஆல் பெருக்க வேண்டும். 4 நொடி என்றால் சுமார் 19 மீட்டர். இரண்டு விடைகளும் ஒத்துப்போகாது. போகாமலே இருக்கட்டும். ஏறும் நேரமும் இறங்கும் நேரமும் சமம் என்று நாம் வைத்துக்கொண்டது, காற்றின் தடை, பொத்தானைத் தாமதமாக அழுத்திய விரல், எல்லாம் பேச்சுக்கு வரும், அரை மணி நேரம் நீங்கள் வாயே திறக்க வேண்டாம்.

எடை என்கிற வில்லன்

பலூனில் பேப்பர் கிளிப் தொங்கவிட்டார்களே, அந்தக் குறிப்பை இப்போது வெளியே எடுக்கச் சொல்லுங்கள். 1903-இல் கான்ஸ்டான்டின் சியால்கோவ்ஸ்கி வெளியிட்ட சமன்பாடு எடையைப் பற்றியதுதான். அவர் ஒரு பள்ளி ஆசிரியர், சிறு வயதுக் காய்ச்சலில் காது கேட்கும் திறனைப் பெருமளவு இழந்தவர். மடக்கை தெரியாத வகுப்பில் சமன்பாட்டை எழுதாமல் எண்களாகவே கொடுங்கள். வாயு வெளியேறும் அதே வேகத்தை ராக்கெட் அடைய, கிளம்பும்போது இருக்கும் எடை எரிபொருள் தீர்ந்தபின் இருக்கும் எடையைப் போல 2.7 மடங்கு இருக்க வேண்டும். அதன் இரண்டு மடங்கு வேகத்துக்கு 7.4 மடங்கு. மூன்று மடங்கு வேகத்துக்கு 20 மடங்கு. பூமியைச் சுற்றத் தாழ்வான சுற்றுப்பாதையில் நொடிக்கு சுமார் 7.8 கிலோமீட்டர் வேகம் வேண்டும், வழியில் ஈர்ப்பும் காற்றும் தின்பதைச் சேர்த்தால் 9-ஐத் தாண்டிவிடும். ரசாயன எரிபொருளில் நல்ல என்ஜினிலிருந்தே வாயு சுமார் 4.5 கிலோமீட்டர் வேகத்தில்தான் வெளியேறும். மீதியை அவர்களே கணக்குப் போடட்டும், நூற்றில் 86 பங்கு எரிபொருளாகவே இருக்க வேண்டும் என்று வரும்போது முகத்தைப் பாருங்கள். ஒரு முட்டையைக் காட்டுங்கள். முட்டையின் எடையில் ஓடு சுமார் பத்தில் ஒரு பங்கு. என்ஜின், தொட்டி, இறக்கை, மனிதர்கள் எல்லாம் அந்த ஓட்டளவு எடைக்குள்ளேதான் அடங்க வேண்டும்.

"காலியான தொட்டியை எதற்குச் சுமக்க வேண்டும், தூக்கிப் போட்டுவிடலாமே?" என்று ஒரு குரல் வரும். வந்ததும் இரண்டு நீள பலூன்களை எடுங்கள். காகிதக் கோப்பையின் அடியை வெட்டி வளையமாக்கி, முதல் பலூனை முக்கால்வாசி ஊதி அதன் வாயை வளையத்துக்குள் இழுத்து, முறுக்கி, உள்சுவரோடு சேர்த்துப் பிடிக்க வேண்டும். இரண்டாவது பலூனை வளையத்துக்குள் நுழைத்து ஊதினால் அது உப்பி, முதல் பலூனின் வாயை நசுக்கி அடைத்துவிடும். இரண்டையும் நூலில் உள்ள ஸ்ட்ராக்களில் ஒட்டி, பின் பலூனை விட்டால், அது காலியாகும்போது முன் பலூன் தானாகத் திறந்து தனியே ஓடும். மூன்று பேர் சேர்ந்தால்தான் கட்ட முடியும், பாதி முறை சொதப்பும். வேலை செய்யும் அந்த ஒரு முறைக்காக வகுப்பே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

தேர்வு வைக்க வேண்டுமென்றால் எழுத்துத் தேர்வு வேண்டாம். ஒவ்வொரு குழுவுக்கும் நீங்கள் செய்த மூன்று காகித ராக்கெட்டுகளைக் கொடுத்து, பறக்கவிடாமலேயே எது எப்படிப் பறக்கும், என்ன சரிசெய்ய வேண்டும் என்று எழுதித் தரச் சொல்லுங்கள், பிறகு பறக்கவிட்டுச் சரிபார்க்கட்டும். ஒன்றில் மூக்கு கசியட்டும். இன்னொன்றில் இறக்கை வாலுக்கும் மூக்குக்கும் சரிபாதியில் இருக்கட்டும். மூன்றாவதில் எந்தக் குறையும் வைக்காதீர்கள். அதைத்தான் ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.